பெரிய அட்வென்ச்சர் பைக்குக்குத் தார்ச்சாலை டயர்: சென்னையில் ஓட்டுபவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

சென்னையில் ஓடும் பெரிய அட்வென்ச்சர் பைக்குகளின் ஓடோமீட்டரில் ஏறும் கிலோமீட்டர்களில் பெரும்பங்கு தார்ச்சாலைதான். வார நாட்களில் ஓ.எம்.ஆர்., ஜி.எஸ்.டி. சாலை. ஞாயிறு காலையில் ஈ.சி.ஆர். வழியாகப் புதுச்சேரி. நீண்ட விடுமுறை வந்தால் ஸ்ரீபெரும்புதூர் வழியாக பெங்களூரு நெடுஞ்சாலை, அங்கிருந்து ஏதாவது ஒரு மலை. மண்பாதை என்பது ஏரிக்கரையோரம் இரண்டு கிலோமீட்டர், தங்கும் இடத்துக்குள் போகும் செம்மண் வழி, அவ்வளவுதான். ஆனாலும் பழைய டயர் தேய்ந்ததும் பலர் தேடிப் போவது, கட்டை கட்டையாக ரப்பர் நிற்கும் பட்டன் டயரை. பார்க்க கம்பீரமாக இருக்கும். ஆனால் நவம்பர் மழையில் வேளச்சேரியில் சடாரென்று பிரேக் பிடிக்கும்போது, சாலையைத் தொடும் ரப்பர் அதில் குறைவு. அழுத்தத்தில் ஒவ்வொரு கட்டையும் வளையும், நிற்கும் தூரம் நீளும், ஏ.பி.எஸ். சீக்கிரமே குறுக்கிடத் தொடங்கும். எந்த டயர் வாங்குவது என்பதற்கு முன்னால், அந்த டயர் எங்கே ஓடப்போகிறது என்பதை நேர்மையாகக் கணக்கிட வேண்டும்.

கடைகளில் 90/10, 80/20, 50/50 என்று சொல்வார்கள். முதல் எண் தார்ச்சாலை, இரண்டாவது மண். இது எந்த நிறுவனமும் அளந்து சொல்வதல்ல, ஒரு தோராயமான வகைப்பாடு. சென்னை ஓட்டத்துக்கு 90/10 போதும். மாதம் ஒருமுறையாவது உண்மையாகவே கல்லிலும் மணலிலும் இறங்குபவர் 80/20 எடுக்கலாம். 50/50-ஐ லடாக், ஸ்பிதி மாதிரியான பயணத்துக்கு மட்டும் மாட்டி, திரும்பியதும் கழற்றிவிடுவதே சரி.

அளவு: ஒரு எழுத்துகூடத் தவறக் கூடாது

பைக்கின் கையேட்டிலும், பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரிலும் அளவு இருக்கும். 120/70-19 என்றால் அகலம் 120 மி.மீ., பக்கச்சுவரின் உயரம் அதில் 70 சதவீதம், ரிம் 19 அங்குலம். பி.எம்.டபிள்யூ. ஆர் 1250 ஜி.எஸ்., ஹார்லி பான் அமெரிக்கா, டுகாட்டி மல்டிஸ்ட்ராடா வி4 ஆகியவற்றுக்கு முன்னால் 120/70-19, பின்னால் 170/60-17. ஹோண்டா ஆப்பிரிக்கா ட்வினில் 21 அங்குல முன்சக்கரம் உள்ள மாடலுக்கு 90/90-21, பின்னால் 150/70-18. சுசுகி வி-ஸ்ட்ரோம் 650-க்கு 110/80-19, 150/70-17. அதன் அண்ணன் 800 டி.இ.-க்கு 90/90-21, 150/70-17. கவாசாகி வெர்சிஸ் 650-க்கு இரண்டுமே 17 அங்குலம்: 120/70, 160/60.

ஆன்லைனில் ஆர்டர் செய்பவர்கள் அதிகம் தவறுவது 150/70-17-க்கும் 150/70-18-க்கும் இடையில். அகலமும் உயர விகிதமும் ஒன்றே, ரிம் மட்டும் வேறு. பெட்டி வந்த பிறகுதான் தெரியும். அடுத்த தவறு, 'கொஞ்சம் அகலமாகப் போட்டால் கிரிப் கூடும்' என்ற எண்ணம். குறுகிய ரிம்மில் அகல டயரை ஏற்றினால் அதன் வளைவு நெருங்கிக் கூம்பாகிவிடும். பைக் திரும்பும்போது சட்டென்று விழுவது போல நடந்துகொள்ளும், நடுப்பகுதி வேகமாகத் தேயும். 110/80-19 இருக்கும் இடத்தில் 120/70-19 போட்டால் விட்டமும் சுமார் 8 மி.மீ. குறையும். ஏ.பி.எஸ்., டிராக்‌ஷன் கண்ட்ரோல் இரண்டும் முன்பின் சக்கரங்களின் சுழற்சியை ஒப்பிட்டு வேலை செய்பவை. அந்தக் கணக்கைக் கலைக்க வேண்டாம்.

வெர்சிஸ் போல இரண்டு சக்கரமும் 17 அங்குலமாக இருந்தால் உங்களுக்கு ஒரு வசதி உண்டு. அட்வென்ச்சர் டயரையே பார்க்க வேண்டியதில்லை. மிஷ்லின் ரோடு 6, பிரெல்லி ஏஞ்சல் ஜி.டி. 2, மெட்சலர் ரோடுடெக் மாதிரியான ஸ்போர்ட் டூரிங் டயர்கள் நேராகப் பொருந்தும். மழைப் பிடிப்பில் இவை முதல் வரிசை.

ஸ்போக் வீல் உள்ளவர்கள், ரிம் டியூப்லெஸ்தானா என்று உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். ஜி.எஸ்.ஸின் குறுக்கு ஸ்போக் ரிம் டியூப்லெஸ். வி-ஸ்ட்ரோம் 800 டி.இ.-யில் டியூப் உண்டு. டியூப் ரிம்மில், காற்று இறங்கினாலும் டயரின் விளிம்பைப் பிடித்து நிறுத்தும் மேடு பெரும்பாலும் இருக்காது. அதில் டியூப்லெஸ் டயரை டியூப் இல்லாமல் ஓட்டவே கூடாது. டியூபோடு போடலாமா என்பதை டயர் நிறுவனத்தின் பரிந்துரையைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

எடைக் குறியீடு: எல்லோரும் தாண்டிப் போகும் எண்

அளவுக்குப் பின்னால் '72 வி' என்று ஒரு எண்ணும் எழுத்தும் இருக்கும். எண் சுமைக்கு, எழுத்து வேகத்துக்கு. 54 என்றால் 212 கிலோ, 60 என்றால் 250, 66 என்றால் 300, 69 என்றால் 325, 72 என்றால் 355. வேகத்தில் க்யூ 160 கி.மீ., டி 190, எச் 210, வி 240.

நம் சாலைகளில் வேக எழுத்து பெரிய சிக்கலைத் தராது. சுமை எண் தரும். ஆர் 1250 ஜி.எஸ்.ஸை எடுத்துக்கொள்வோம். டாங்க் நிரப்பிய எடை 249 கிலோ. ஓட்டுபவர் 80, பின்னால் உட்காருபவர் 65, மூன்று பெட்டிகளும் வெறுமனே சுமார் 15, உள்ளே சாமான் 30. மொத்தம் 439. இந்தப் பைக்கின் அனுமதிக்கப்பட்ட உச்ச எடை 465 கிலோ, அதனால் எல்லைக்குள்தான் இருக்கிறோம். ஆனால் பின்னிருக்கை ஆளும் பெட்டிகளும் பின்சக்கரத்தின் மேலேயே உட்காருகின்றன. மொத்த 439 கிலோவில் 65 சதவீதம் பின்னால் விழுந்தால் 285 கிலோ. 72 எண் டயருக்கு இன்னும் 70 கிலோ இடம் இருக்கிறது. விலை குறைவு என்று 66 எண்ணுள்ள டயரைப் போட்டால் மிஞ்சுவது 15 கிலோ. வேகத்தடையில் ஏறி இறங்கும்போது அது எங்கே போகும்? மேலும், அந்த எண் முழுக் காற்றழுத்தத்தில் மட்டுமே செல்லும். காற்று 6 பிஎஸ்ஐ குறைந்திருந்தால் டயரின் தாங்குதிறனும் குறைந்துவிடும். மே மாத மதியத்தில் தாரின் மேற்பரப்பு 60 டிகிரியைத் தாண்டும் ஊர் இது. குறைந்த காற்றும் அதிகச் சுமையும் சேர்ந்தால் பக்கச்சுவர் ஓயாமல் மடங்கி, உள்ளுக்குள் சூடேறி, மேல் ரப்பர் உட்கூட்டிலிருந்து பிரியத் தொடங்கும். நெடுஞ்சாலையில் டயர் வெடிப்பதற்குப் பின்னால் பெரும்பாலும் இதுதான் இருக்கும்.

கையேட்டில் சொன்ன எண்ணுக்குக் குறையாமல் வாங்குங்கள். கூடுதலாக இருந்தால் தவறில்லை.

ரப்பர்: தட்டையான ஊரில் எது தேயும்

சென்னையைச் சுற்றி முந்நூறு கிலோமீட்டருக்கு வளைவுகள் குறைவு. டயரின் நடு நான்கு விரற்கடை மட்டும் தேய்ந்து தட்டையாகும், ஓரங்கள் புதிதாகவே இருக்கும். தட்டையான டயர் வளைவில் சாயும்போது ஒரு விளிம்பைத் தாண்டி விழும். ஏலகிரியின் 14 கொண்டை ஊசிகளிலோ கொல்லிமலையின் 70-லோ இதை நன்றாக உணர்வீர்கள். ஆகவே பின் டயரில் நடுவில் கடினமான ரப்பரும் ஓரங்களில் மென்மையானதும் கொண்ட இரட்டைக் கலவை நமக்கு உண்மையிலேயே பயன்படும். வெறும் விளம்பரச் சொல்லாக அதை ஒதுக்க வேண்டாம்.

மழையைப் பொறுத்தவரை, கலவையில் சிலிக்கா அதிகமாக இருக்க வேண்டும். வெறும் கார்பன் பிளாக் ரப்பரைவிட அது ஈரத்தில் நன்றாகப் பிடிக்கும். பள்ளங்கள் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தண்ணீரைத் தள்ளும்படி தொடர்ச்சியாக இருக்க வேண்டும். வடகிழக்குப் பருவமழையில் பள்ளிக்கரணை, முடிச்சூர் பக்கம் சாலையில் நிற்கும் நீரைக் கிழிக்க இதுவே உதவும். வெள்ளைக் கோடுகளிலும், மெட்ரோ பணிகளுக்காகப் போட்டிருக்கும் இரும்புத் தகடுகளிலும் எந்த டயரும் மாயம் செய்யாது. அங்கே பைக்கை நிமிர்த்தி, பிரேக்கைத் தொடாமல் கடப்பதே வழி.

இந்த வகையில் பார்க்க வேண்டிய பெயர்கள்: மிஷ்லின் அனாகி ரோடு, மெட்சலர் டூரன்ஸ் நெக்ஸ்ட் 2, பிரிட்ஜ்ஸ்டோன் பேட்லாக்ஸ் அட்வென்ச்சர் ஏ41, கான்டினென்டல் டிரெயில் அட்டாக் 3, பிரெல்லி ஸ்கார்பியன் டிரெயில் 2, டன்லப் டிரெயில்மாக்ஸ் மெரிடியன். இவற்றில் டிரெயில் அட்டாக் 3 வேறு வழியில் போகிறது. ஒரே கலவைதான், ஆனால் வேகவைக்கும் வெப்பத்தை இடத்துக்கு இடம் மாற்றி, நடுவைக் கடினமாகவும் ஓரத்தை மென்மையாகவும் ஆக்குகிறார்கள். கொஞ்சம் மண்ணும் வேண்டும் என்பவர்களுக்கு மிஷ்லின் அனாகி அட்வென்ச்சர் நல்ல நடுவழி.

இவற்றுக்குள் 'எது சிறந்தது' என்ற வாதத்தில் நேரத்தை வீணாக்க வேண்டாம். இந்த ஆறும் தகுதியானவை. உங்கள் அளவில், உங்கள் சுமை எண்ணில், புதிய தேதியோடு சென்னையில் இன்று கிடைப்பது எதுவோ அதுவே உங்கள் டயர். நாலு மாதம் காத்திருந்து, தேய்ந்த டயரில் மழைக்காலத்தைக் கடத்துவதைவிட இது எவ்வளவோ மேல். ஒன்றில் மட்டும் பிடிவாதம் வேண்டும்: முன்னும் பின்னும் ஒரே மாடல். முன்னால் வழுவழு டயரும் பின்னால் பட்டனும், அல்லது அதற்கு நேர்மாறாக, போட்டால் ஈரத்தில் இரண்டும் வெவ்வேறு நேரத்தில் வழுக்கும். பைக்கின் போக்கைக் கணிக்கவே முடியாது.

வாங்கும்போது

பக்கச்சுவரில் டி.ஓ.டி. என்று தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு எண்களைப் படியுங்கள். 2325 என்றால் 2025-ஆம் ஆண்டின் 23-வது வாரம். சில டயர்களில் இது ஒரு பக்கம் மட்டுமே இருக்கும், திருப்பிப் பாருங்கள். ஓராண்டுக்குள் தயாரானது நல்லது. இரண்டாண்டு என்றால், வெயில்படாத கிடங்கில் இருந்ததா என்று கேட்டு, விலையிலும் குறைக்கச் சொல்லுங்கள். தகரக் கூரைக்குக் கீழே மூன்று கோடைகளைக் கண்ட டயரை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம். கட்டைவிரல் நகத்தை ஓரத்தில் அழுத்திப் பாருங்கள். புதிய ரப்பர் உள்வாங்கித் திரும்பும், காய்ந்தது கல்லாக இருக்கும்.

ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா என்றும் பாருங்கள். இருசக்கர, மூன்று சக்கர வாகன டயர்களுக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 15627. 2020 ஜூனில் மத்திய அரசு டயர் இறக்குமதியைக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்த்தது. அதன்பின் இந்த அளவுகள் சில மாதம் கிடைக்கும், சில மாதம் காணாமல் போகும். பின் டயரில் 3 மி.மீ. ஆழம் மிஞ்சியிருக்கும்போதே தேடத் தொடங்குங்கள். ஜி.எஸ்.டி. பில், அதில் டயரின் மாடல் பெயர், தயாரிப்பு எண் எல்லாம் எழுதி வாங்குங்கள். பிறகு டயரில் புடைப்பு தெரிந்தால் வாரன்டி கேட்க அது வேண்டும்.

பெரிய பைக்கின் பின் டயர் பெரும்பாலும் 8,000 முதல் 12,000 கி.மீ. வரை வரும், முன் டயர் அதைவிடக் கூடுதலாக. ஆகவே மூன்று பின் டயருக்கு இரண்டு முன் டயர் என்ற கணக்கில் பணம் ஒதுக்குங்கள்.

மாட்டுதல்

தெருமுனைப் பஞ்சர் கடையில் கம்பி போட்டு நெம்புவதற்கான வேலை இது இல்லை. ரிம் காப்பு உள்ள டயர் மெஷினும் வீல் பேலன்சரும், போல்ட்டை அளவோடு இறுக்கும் டார்க் ரெஞ்சும் இருக்கும் இடத்துக்குப் போங்கள். பக்கத்திலேயே நின்று இவற்றைக் கவனியுங்கள்:

1. டயர் அழுத்த சென்சார் இருந்தால், அது வால்வுக்குப் பின்னால் ரிம்முக்குள் இருக்கும். டயரின் விளிம்பை ரிம்மிலிருந்து பிரிக்கும் முதல் அழுத்தம் அந்த இடத்தில் விழக் கூடாது என்று முன்கூட்டியே சொல்லுங்கள்.
2. ஏ.பி.எஸ். வளையம் வளையக் கூடாது. கழற்றிய சக்கரத்தை டிஸ்க் கீழே இருக்கும்படி தரையில் படுக்கவைப்பதும் கூடாது.
3. வால்வைப் புதிதாகப் போடுங்கள். டிஸ்குகள் இடைஞ்சலாக இருக்கும் சக்கரத்தில் பக்கவாட்டில் வளைந்த உலோக வால்வு காற்றுப் பிடிக்க மிக வசதி.
4. சுழற்சி அம்புக்குறி ஓடும் திசையில் இருக்க வேண்டும். மஞ்சள் புள்ளி இருந்தால் அது வால்வுக்கு நேராக வரட்டும்.
5. விளிம்பில் டயர் பேஸ்ட் தடவிய பிறகே ஏற்ற வேண்டும். காற்றடிக்கும்போது இரு பக்கமும் 'டப்' என்று உட்காரும். பக்கச்சுவரில் குறித்திருக்கும் உச்ச அழுத்தத்தைத் தாண்டி அடிக்க விடாதீர்கள். உட்காரவில்லை என்றால் காற்றை இறக்கி, பேஸ்ட் தடவி, மறுபடி முயல வேண்டும். ரிம்முக்கும் டயரின் மெல்லிய கோட்டுக்கும் இடைவெளி சுற்றிலும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று சக்கரத்தைச் சுழற்றிப் பாருங்கள்.
6. பேலன்சிங்குக்கு 60 கிராமுக்கு மேல் ஈயம் கேட்டால், டயரை ரிம்மில் அரைச்சுற்றுத் திருப்பி மறுபடி பார்க்கச் சொல்லுங்கள்.

பைக்கில் திரும்பப் பூட்டும்போது கையேட்டின் டார்க் அளவு தேவை. ஆர் 1250 ஜி.எஸ்.ஸின் பின்சக்கர போல்ட் ஐந்தும் 60 நியூட்டன் மீட்டர், எதிரெதிராக இறுக்க வேண்டும். செயின் பைக் என்றால் செயின் தொய்வையும் சக்கரத்தின் நேர்கோட்டையும் சரிபார்க்காமல் கிளம்ப வேண்டாம். கிளம்பும் முன் முன்பிரேக்கைச் சில முறை அழுத்துங்கள். காலிப்பரைக் கழற்றி மாட்டியதும் முதல் அழுத்தம் காற்றில் போவது போல இருக்கும்.

காற்று

நல்ல டயரைக் கெடுப்பதில் பாதிப் பங்கு இங்கேதான். ஆர் 1250 ஜி.எஸ்.ஸுக்கு முன்னால் 2.5 பார், அதாவது 36 பிஎஸ்ஐ, பின்னால் 2.9 பார், 42 பிஎஸ்ஐ. மற்ற பைக்குகளுக்கு ஸ்டிக்கரைப் பாருங்கள். இவை குளிர்ந்த டயருக்கான அளவுகள். ஓடுவதற்கு முன், காலையில், நிழலில் பார்க்க வேண்டும். ஓடிச் சூடேறிய டயரில் 4, 5 பிஎஸ்ஐ கூடுதலாகக் காட்டும். அது இயல்பு. 'வெயிலில் வெடித்துவிடும்' என்று பயந்து மதியம் காற்றை இறக்குவது பரவலான பழக்கம். அப்படி இறக்கினால் மறுநாள் காலை டயர் காற்றுக் குறைவாக நிற்கும். நாம் மேலே பார்த்த சூடேறும் சங்கிலி அங்கிருந்துதான் தொடங்கும்.

பி.எம்.டபிள்யூ. ஓட்டுபவர்களைக் குழப்பும் விஷயம் ஒன்று உண்டு. அதன் திரையில் தெரியும் அழுத்தம் 20 டிகிரிக்குக் கணக்கிட்டு மாற்றப்பட்டது. 32 டிகிரி சென்னையில் பெட்ரோல் பங்க் கேஜில் சரியாக 42 பிடித்தால், திரை சுமார் 40 என்று காட்டும். இரண்டும் பழுதில்லை. திரையில் குறையும் 2-ஐ கேஜில் கூட்டிப் பிடியுங்கள். வெளியில் வாங்கிப் பொருத்தும் சென்சார்களில் இந்த மாற்றம் பொதுவாக இருக்காது, அவற்றுக்குக் காலைக் கணக்கே போதும்.

ஊட்டிக்குப் போனதும் காற்றைத் திருத்த வேண்டுமா என்று கேட்பார்கள். குளிரில் உள்ளழுத்தம் 3, 4 பிஎஸ்ஐ இறங்கும். ஆனால் 2,240 மீட்டர் உயரத்தில் வெளிக்காற்றின் அழுத்தமும் கிட்டத்தட்ட அதே அளவு குறைவதால் கேஜ் ஏறக்குறைய பழைய எண்ணையே காட்டும். தொடாமல் விடுங்கள்.

நைட்ரஜன் போடலாம், தீங்கில்லை. ஆனால் வெப்பத்தில் அதுவும் சாதாரணக் காற்றைப் போலவே விரியும். வாரம் ஒருமுறை பார்க்கும் பழக்கத்துக்கு அது மாற்று இல்லை. பங்க்குக்குப் பங்க் கேஜ் மாறும் என்பதால் சொந்தமாக ஒன்று வைத்துக்கொள்ளுங்கள்.

புதிய டயரைப் பழக்குதல்

முதல் 150, 200 கி.மீ. நிதானம் வேண்டும். புதிய ரப்பரின் மேல்தோல் வழுக்கும். டயரைப் பளபளப்பாக்கும் திரவம் எதையும் தடவாதீர்கள், கடையில் தடவ வந்தாலும் தடுங்கள். இதில் சென்னைக்காரர்களுக்கு மட்டும் ஒரு பொறி இருக்கிறது. வெள்ளிக்கிழமை டயர் மாட்டி, சனிக்கிழமை நேர்ச்சாலையில் 230 கி.மீ. ஓடி ஏலகிரி அடிவாரம் சேர்ந்தால், 'டயர் பழகிவிட்டது' என்று தோன்றும். பழகியது நடுப்பகுதி மட்டுமே. முதல் கொண்டை ஊசியில் சாயும்போது சாலையைத் தொடுவது இதுவரை தாரையே பார்க்காத ஓரம். ஆகவே பயணத்துக்கு முன் விடியற்காலையில், சாலை காய்ந்திருக்கும் நாளில், கத்திப்பாரா, மதுரவாயல் மேம்பாலங்களின் வட்டச் சரிவுகளில் மெதுவாக, கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்வைக் கூட்டி ஓட்டுங்கள். இரு பக்க வளைவும் கிடைக்கும்படி பாதையை அமைத்துக்கொள்ளுங்கள். மலையில் முதல் சில வளைவுகளையும் ஈரச்சாலை என்று நினைத்தே எடுங்கள்.

பஞ்சரும் மாற்றும் நேரமும்

டியூப்லெஸ் டயருக்குப் பஞ்சர் திரி ஐந்தாறு, துளையைச் சுத்தம் செய்யும் ஊசி, 12 வோல்ட் காற்றுப் பம்ப், கேஜ், இடுக்கி ஆகியவை போதும். டியூப் வீல் என்றால் டயர் லீவர் மூன்றும் 21 அங்குல டியூபும் தேவை. அவசரத்துக்கு அந்த டியூபைப் பின்சக்கரத்திலும் திணித்து ஊர் வந்து சேரலாம். நடுப்பகுதித் துளைக்கு மட்டும் திரி. ஓரத்திலோ பக்கச்சுவரிலோ கிழிந்திருந்தால் டயரின் ஆயுள் முடிந்தது. திரி போட்ட டயரில் 80 கி.மீ. வேகத்தைத் தாண்டாமல் ஊர் திரும்பி, டயரைக் கழற்றி உள்பக்கத்திலிருந்து காளான் பிளக் வைத்து ஒட்டச் சொல்லுங்கள். பஞ்சர் ஆவதற்கு முன்பே ஊற்றி வைக்கும் பசைத் திரவத்தை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. அது சென்சாரை அடைக்கும், ஆணி ஏறியதையே நமக்குத் தெரியாமல் மறைக்கும், பேலன்சையும் கெடுக்கும்.

பள்ளத்துக்குள் இருக்கும் தேய்மான மேடு, அதாவது டி.டபிள்யூ.ஐ. குறி, ரப்பரோடு சமமாகும்வரை காத்திருப்பது கோடையில் நடக்கலாம். செப்டம்பர் கடைசியில் நடுப்பள்ளத்தை அளந்து 2 மி.மீ.க்குக் கீழே இருந்தால் மழைக்கு முன்பே மாற்றிவிடுங்கள். முன் டயரில் ஆழம் மிஞ்சியிருந்தாலும், கையால் சுற்றித் தடவும்போது மேடும் பள்ளமுமாக அலை அலையாகத் தட்டுப்பட்டால் முதலில் காற்றழுத்தத்தையும் பேலன்சையும் ஃபோர்க்கையும் பாருங்கள். காரணத்தைச் சரிசெய்யாமல் போட்டால் புதிய டயரும் சில ஆயிரம் கிலோமீட்டரில் அதே அலையோடு வந்து நிற்கும்.